ரீஸ்டார்ட் பண்ணுங்க சார் என்பது ஒரு பதிலா?

ப்ளேஸ்மென்ட் சீசன்ல நம்ம வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல அதிகமா வர்ற கேள்வி ஆப்டிட்யூட் பத்தினது இல்ல, கோடிங் பத்தினதும் இல்ல. "மச்சான், உன் வீட்டுல நெட் ஒழுங்கா வருதா? நாளைக்கு டெஸ்ட் எழுத வரலாமா?" இதுதான். கேமராவை ஆன் பண்ணி வெச்சு வீட்டிலிருந்து எழுதுற டெஸ்ட்ல, லைன் கொஞ்ச நேரம் போனா போச்சு. சில டெஸ்ட்ல திரும்ப உள்ளே விடுவாங்க. சிலதுல அதுவரைக்கும் எழுதினதோட தானாவே சப்மிட் ஆகிடும். பாகூர் பக்கமிருந்து வர்ற என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு. 90 நிமிஷ டெஸ்ட்ல 35வது நிமிஷத்துல முடிஞ்சுது. கம்பெனிக்கு மெயில் போட்டா, "உங்கள் இணைய இணைப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல"னு பதில். நெட் கம்பெனிக்குப் போன் போட்டா, "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம், லைன் நல்லாத்தான் இருக்கு"னு பதில். ரெண்டு பக்கமும் கதவு மூடியாச்சு. நடுவுல நின்னது அவதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். வீட்டு பிராட்பேண்ட் மோசமா இருக்கிறது பாதி பிரச்சனை. அது யார் பக்கத்துத் தப்புன்னு நம்மால நிரூபிக்க முடியாதது மீதிப் பாதி. அந்த ரெண்டாவது பாதியை நாமே சரி பண்ண முடியும், அதுவும் இன்ஜினியரிங் படிக்கிற நாம கட்டாயம் பண்ணணும். ஷானன் தியரத்துக்கு டெரிவேஷன் எழுதிட்டு, வீட்டுல அம்மா "ஏன்டா நெட் சுத்திக்கிட்டே இருக்கு?"னு கேட்டா "தெரியலம்மா, கம்பெனிக்காரன் சரியில்ல"னு சொல்றது நமக்கு அழகில்ல.

வேகம் வேற, நம்பகம் வேற

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். 100 எம்பிபிஎஸ் பிளான்ங்கிறது 100 மெகாபிட். நாம டவுன்லோட் பண்ற ஃபைல் மெகாபைட்ல இருக்கும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதனால 100ஐ 8ஆல வகுத்தா, அதிகபட்சம் நொடிக்கு 12.5 மெகாபைட். ஒரு ஜிபி படம் இறங்க 80 நொடி ஆகும். "நூறுன்னு சொல்லிட்டு பன்னெண்டுதான் தர்றான்"னு திட்டுற பல பேர் இந்த வகுத்தலைப் பண்ணாதவங்க. அந்தச் சண்டையை விட்டுடுங்க, அதுல நியாயம் நம்ம பக்கம் இல்ல.

அடுத்து, ஆன்லைன் டெஸ்ட்டுக்கோ வீடியோ காலுக்கோ 100 எம்பிபிஎஸ் தேவையே இல்ல. சில எம்பிபிஎஸ் விட்டுவிட்டு வராம சீரா வந்தா போதும். டெஸ்ட்டைக் கெடுக்கிறது வேகக் குறைவு இல்ல. பாக்கெட் தொலையறதும், பிங் நேரம் 10 மில்லிசெகண்டிலிருந்து திடீர்னு 800க்குத் தாவுறதும், லைன் அறுந்து அறுந்து வர்றதும்தான். கஸ்டமர் கேர்ல "200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிடுங்க சார்"னு சொன்னா, அது இந்த நோய்க்கு மருந்தே இல்ல. ஓட்டைக் குழாயில தண்ணி ஒழுகுதுன்னு சொன்னா பெரிய டேங்க் வாங்கச் சொல்ற கதை.

பிங் பத்தி ஒரு சின்னக் கணக்கு. ஃபைபருக்குள்ள வெளிச்சம் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். புதுச்சேரியிலிருந்து சென்னை சுமார் 160 கிலோமீட்டர். போய்த் திரும்ப 320. கணக்குப்படி 1.6 மில்லிசெகண்ட். வழியில இருக்கிற கருவிகள், சுத்து வழி எல்லாம் சேர்த்து 10, 15 ஆனா நியாயம். சென்னையில இருக்கிற சர்வருக்கே 200 காட்டினா, அதுக்குத் தூரம் காரணமா இருக்க முடியாது. எங்கேயோ பாக்கெட்டுகள் ரேஷன் கடை மாதிரி வரிசையில நிக்குது. அந்த வரிசை உங்க வீட்டுக்குள்ளயா, வெளியயா? கேள்வி இதுதான்.

நம்ம பக்கம்

புகார் பண்றதுக்கு முன்னாடி நம்ம பக்கத்தைச் சுத்தம் பண்ணிக்கணும். இதைச் சொன்னா சிலருக்குக் கோவம் வரும், ஆனா "நெட் ஸ்லோ"ன்னு நாம சொல்றதுல நிறைய, நெட் இல்ல, வை-ஃபை. ரெண்டும் ஒண்ணு இல்ல. நெட்ங்கிறது மோடம் வரைக்கும் வர்றது. வை-ஃபைங்கிறது மோடத்திலிருந்து உங்க போன் வரைக்கும் காத்துல வர்ற கடைசி பத்தடி.

நம்ம ஊர் வீடுகளை யோசிச்சுப் பாருங்க. பிரெஞ்சுக்காரங்க காலத்து வீடுகள், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற திண்ணையும் முற்றமும் வெச்ச தமிழ் வீடுகள், ரெண்டுலயும் சுண்ணாம்புக் காரை பூசின தடிமனான செங்கல் சுவர். வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும். வை-ஃபைக்கு அதுவே எமன். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் புது அபார்ட்மென்ட்ல வேற தொல்லை: கம்பி கட்டின கான்கிரீட், அதுமேல சுத்தி இருபது வீட்டு ரவுட்டரும் ஒரே நேரத்துல கத்துது.

ரவுட்டர்ல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு பேண்ட் இருக்கும். 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனா வேகம் கம்மி, நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அவன்கூட அதே இடத்துலதான் இரைச்சல் போடும். 5 வேகமானது, ஆனா ரெண்டு சுவருக்கு மேல தாங்காது. ஒரே ரூம்ல உட்கார்ந்து டெஸ்ட் எழுதினா 5ல இருங்க. 2.4லதான் இருந்தாகணும்னா சேனல் 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணை வைங்க. இந்த மூணு மட்டும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. போன்ல ஒரு வை-ஃபை அனலைசர் ஆப் போட்டா, பக்கத்து வீடுகள் எதுல இருக்குன்னு தெரிஞ்சிடும். காலியா இருக்கிறதுக்கு மாறிக்கலாம்.

ரவுட்டரை எங்க வெச்சிருக்கீங்க? முக்காவாசி வீட்டுல டிவிக்குப் பின்னாடி, இல்லன்னா பீரோ மேல. இரும்பு பீரோ சிக்னலைத் தடுக்கிற சுவர். பார்க்க நல்லா இல்லைன்னாலும் வீட்டுக்கு நடுவுல, தலைக்கு மேல உயரத்துல, திறந்த இடத்துல வைங்க. எட்டாத ரூமுக்கு ரிப்பீட்டர் வாங்கினா, விலை கம்மியான மாடல்கள் ஒரே ரேடியோவுல வாங்கி அதுலயே திருப்பி அனுப்பும், வேகம் பாதியாகும். அதைவிட ஒரு லேன் கேபிள் இழுக்கிறது மேல்.

கேபிள்னதும் ஞாபகம் வருது. 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தும் கம்ப்யூட்டர்ல 94, 95க்கு மேல ஏறலைன்னா கம்பெனியைத் திட்டாதீங்க. ரவுட்டர் போர்ட் பழைய 100 எம்பிபிஎஸ் வகையா இருக்கும், இல்ல கேபிளுக்குள்ள எட்டுக் கம்பியில நாலுதான் வேலை செய்யும். நம்ம கடல்காத்துல கனெக்டர் பச்சை பூக்கிறது சாதாரணம். கிளிப் உடைஞ்ச கனெக்டரை மாத்தச் சில ரூபாய்தான் ஆகும்.

இன்னொரு திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கான். தம்பி போன்ல கல்யாண வீடியோ எல்லாம் கிளவுடுக்கு பேக்கப் ஆகிட்டிருக்கும். அப்லோட் பாதை நிரம்பிடும். ரவுட்டர் நல்ல எண்ணத்தோட எல்லா பாக்கெட்டையும் தூக்கிப் போடாம பெரிய க்யூவுல சேர்த்து வெச்சுக்கும். உங்க டெஸ்ட்டோட சின்ன பாக்கெட் அந்தக் க்யூவோட வால்ல நிக்கும். இதுக்குப் பேரு பஃபர்ப்ளோட். 2010 வாக்குல ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு நெட் ஏன் இழுக்குதுன்னு நோண்டிப் போய்தான் இந்தப் பேரை வெச்சார். 2012ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் அதுக்குக் கோடெல்ங்கிற அல்காரிதத்தை எழுதினாங்க. உங்க ரவுட்டர்ல க்யூஓஎஸ் இருந்தா, அப்லோடை உண்மையான வேகத்துல 90 சதவீதத்துக்குக் கட்டுங்க. இல்லைன்னா டெஸ்ட் முடியற வரைக்கும் வீட்டுல எல்லார் பேக்கப்பையும் நிறுத்துங்க. காசு செலவில்லாத வைத்தியம்.

எல்லைக்கோடு எங்க இருக்கு

இதெல்லாம் முடிச்சாச்சு, இன்னும் விட்டு விட்டு வருதா? இப்போ எல்லைக்கோட்டைப் பார்க்கணும். அந்தக் கோடு, கம்பெனி வெச்சுட்டுப் போன வெள்ளைப் பெட்டி. அதைத் தாண்டி உள்ளே நம்மது, வெளியே அவங்களது.

லேப்டாப்பை லேன் கேபிள்ல மாட்டுங்க. வை-ஃபையை ஆஃப் பண்ணுங்க. இது முக்கியம், வை-ஃபைல எடுத்த அளவை எந்தக் கஸ்டமர் கேரும் ஏத்துக்காது, ஏத்துக்கவும் கூடாது. பிறகு மூணு பிங் ஓட்டுங்க, ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம். விண்டோஸ்ல பிங் கமாண்டோட மைனஸ் டி சேர்த்தா, நாம நிறுத்தற வரைக்கும் நொடிக்கு ஒண்ணுன்னு ஓடும். பத்து நிமிஷத்துல ஏறக்குறைய 600 பிங்.

முதல் பிங், ரவுட்டருக்கே. பெரும்பாலும் 192.168.1.1 இருக்கும், பெட்டிக்கு அடியில ஒட்டியிருப்பாங்க. கேபிள்ல இது 1 மில்லிசெகண்ட், ஒண்ணுகூடத் தொலையக் கூடாது. இங்கேயே தடுமாறினா கேபிளோ ரவுட்டரோ போச்சு, வெளியே போக வேண்டாம்.

ரெண்டாவது, 8.8.8.8. முதல் பிங் சுத்தம், இது மட்டும் தொலையுதுன்னா, தப்பு எல்லைக்கோட்டுக்கு வெளிய.

மூணாவது, ஏதாவது ஒரு வெப்சைட்டோட பேருக்கு. எண்ணுக்குப் போகுது, பேரைக் கண்டுபிடிக்கவே முடியலைன்னு வந்தா அது டிஎன்எஸ் கோளாறு. ரவுட்டர்ல டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1னு மாத்தினா நிமிஷத்துல சரியாகிடும்.

ட்ரேஸ்ரூட் ஓட்டினா வழியில எந்த எந்த நிறுத்தம்னு வரிசையா காட்டும். இதுல நம்ம பசங்க பல பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. நடுவுல ஒரு நிறுத்தத்துல நட்சத்திரக் குறி வந்து, அதுக்கு அடுத்ததெல்லாம் நல்லா இருந்தா, அது தப்பு இல்ல. அந்தக் கருவி பிங்குக்குப் பதில் சொல்றதைக் கடைசி வேலையா வெச்சிருக்கு, அவ்வளவுதான். ஒரு நிறுத்தத்துல ஆரம்பிச்ச இழப்பு கடைசி வரைக்கும் தொடர்ந்தாதான் அங்க கோளாறு.

ஃபைபர் வீடுகளுக்கு இன்னும் நேரடியான சாட்சி ஒண்ணு உண்டு. மோடத்தோட செட்டிங்ஸ் பக்கத்துல ஆப்டிகல் பவர்னு டிபிஎம் அளவு இருக்கும். நம்ம வீடுகளுக்கு வர்ற ஜிபான் வகையில பொதுவா மைனஸ் 8லிருந்து மைனஸ் 27க்குள்ள இருக்கணும். இது லாகரிதம், மூணு குறைஞ்சா வெளிச்சம் பாதி. போன மாசம் மைனஸ் 20, இப்போ மைனஸ் 29ன்னா, வர்ற வெளிச்சம் எட்டில் ஒரு பங்காயிடுச்சு. வெளியே எங்கேயோ ஃபைபர் மடங்கியிருக்கு, இல்ல ஜாயின்ட் கெட்டுப்போச்சு. இதை ரீஸ்டார்ட் சரி பண்ணவே பண்ணாது.

முத்தியால்பேட்டையில எங்க வீட்டு லைன் ஒரு மழைக்கு அப்புறம் இப்படித்தான் ஆச்சு. ரெண்டு தடவை ஆள் வந்து பெட்டியைத் தட்டிட்டு "இப்போ வருது பாருங்க"ன்னு போயிட்டார். மூணாவது தடவை, "அண்ணே, மைனஸ் 29 காட்டுது, போன வாரம் 20 இருந்துச்சு"ன்னு போட்டோவைக் காட்டினேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி"ன்னு நேரா தெருமுனைக் கம்பத்துக்கு ஏறினார். தண்ணி புகுந்திருந்த ஜாயின்ட்டை வெட்டித் திரும்ப ஒட்டினார். இருபது நிமிஷ வேலை. அவர்கிட்ட திறமை இல்லாம இல்ல. எங்க தேடணும்னு அவருக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

அதனாலதான் சொல்றேன், லைன்மேன் அண்ணன்கிட்ட கத்தாதீங்க. சாயங்காலம் எட்டு மணிக்கு மேல தெருவே படம் பார்க்கும்போது நெட் இழுக்குதுன்னா, அவர் ஏணி போட்டு ஏறிச் சரி பண்ற விஷயம் இல்ல அது. மேல இருக்கிறவங்க ஆளுங்களைச் சேர்த்த அளவுக்கு பேண்ட்வித் வாங்கலைன்னு அர்த்தம். அந்தக் கோவம் போக வேண்டிய இடம் ஆபீஸ்.

அவங்க பக்கம், சட்டம் என்ன சொல்லுது

நிறைய பேர் நினைக்கிற மாதிரி இது "கிடைச்சா லக்கு" விஷயம் இல்ல. டிராய் 2006லயே பிராட்பேண்ட் தரத்துக்கு விதி போட்டுச்சு. பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். நெரிசல் நேரத்துலகூட லைனோட கொள்ளளவுல 80 சதவீதத்துக்கு மேல நிரப்பக் கூடாது. பழுது மூணு வேலை நாளைத் தாண்டினா மாச வாடகையில 7 நாள் கழிவு, ஏழு நாளைத் தாண்டினா 15 நாள், பதினைஞ்சு நாளைத் தாண்டினா ஒரு மாசம். போன், மொபைல், பிராட்பேண்ட்னு தனித்தனியா இருந்த தர விதிகளை 2024ல ஒண்ணாக்கிப் புதுசா கொண்டு வந்தாங்க, அந்த வருஷம் அக்டோபர் 1லிருந்து நடைமுறை. பிராட்பேண்ட்னு சொல்லிக்கவே 2004ல 256 கேபிபிஎஸ் போதும்னு இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து குறைஞ்சது 2 எம்பிபிஎஸ்.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். அந்த 1 சதவீதம், கம்பெனியோட நெட்வொர்க் முழுசுக்கும் வெச்ச அளவுகோல், உங்க ஒரு வீட்டுக்குன்னு இல்ல. உங்க 600 பிங்ல 7 தொலைஞ்சதும் கம்பெனி சட்டத்தை மீறிட்டதா ஆகாது. ஆனா ஏழு நாள், காலை, மதியம், ராத்திரின்னு எடுத்த 21 அளவுல ராத்திரி மட்டும் நூத்துக்குப் பத்து தொலையுதுன்னா, அதைக் கையில வெச்சுக்கிட்டு "லைன் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றவங்ககிட்ட பேசுற பேச்சே வேற.

வழி இதுதான். போன் பண்ணினா புகார் எண் கேட்டு வாங்குங்க. எண் இல்லாத புகார், புகாரே இல்ல. தெரு கேபிள் ஆபரேட்டர் அண்ணன்கிட்ட வாய்ல சொன்னது கணக்குல வராது, பில்லுல எந்தக் கம்பெனி பேர் இருக்கோ அங்க பதிவாகணும். சரியாகலைன்னா 2012ல வந்த டிராய் விதிப்படி அதே கம்பெனிக்குள்ள மேல்முறையீடு உண்டு, 30 நாளுக்குள்ள போடணும், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள்ள முடிக்கணும். கூடவே 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுல பதிவு பண்ணலாம்.

அதுக்கும் மேல நுகர்வோர் ஆணையம். "டெலிகாம் கேஸ் எல்லாம் அங்க எடுக்க மாட்டாங்க"ன்னு இன்னும் சிலர் சொல்வாங்க. 2009ல வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால அப்படி ஒரு நிலைமை இருந்தது உண்மை. ஆனா 2022 பிப்ரவரியில வோடஃபோன் ஐடியா சம்பந்தப்பட்ட வழக்குல உச்ச நீதிமன்றமே, டெலிகாம் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம்னு தெளிவாச் சொல்லிடுச்சு. 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம், கம்பெனி ஹெட் ஆபீஸ் மும்பையில இருந்தாலும் புதுச்சேரியில போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான விஷயத்துக்குக் கட்டணம் இல்ல, வக்கீலும் கட்டாயம் இல்ல.

"இதுக்கெல்லாம் யாருக்கு நேரம்?"

இந்த இடத்துல உங்க மனசுல ஓடுறது எனக்குத் தெரியும். 600 ரூபாய் பில்லுல 7 நாள் கழிவுன்னா 140 ரூபாய். இதுக்குப் போய் ஏழு நாள் பிங் ஓட்டணுமா? கம்பெனியை மாத்திட்டுப் போகலாமே? இல்லன்னா போன் ஹாட்ஸ்பாட்ல எழுதிடலாமே?

ஹாட்ஸ்பாட் டெஸ்ட் அன்னைக்குக் கண்டிப்பா வேணும், சார்ஜ் போட்டுப் பக்கத்துல வைங்க. ஆனா அது உங்களுக்கு மட்டும்தான். வீட்டுல தங்கச்சி ட்யூஷன், அப்பாவோட ஜிஎஸ்டி ஃபைலிங், வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை பார்க்கிற அக்கா இவங்களுக்கு உங்க போன் ஹாட்ஸ்பாட் பதில் ஆகாது. மொபைல் டவரும் நம்மை மாதிரி எல்லாரும் ராத்திரி ஏறி உட்கார்ற அதே பஸ்தான்.

கம்பெனியை மாத்துறதும் நல்ல வழிதான், மாத்த முடிஞ்சா. நம்ம ஊர்ல பல அபார்ட்மென்ட்ல, வாடகை வீட்டுல, ஓனர் விட்ட ஒரே ஆபரேட்டர்தான். அப்படியே மாத்தினாலும், தப்பு உங்க பீரோ மேல இருந்த ரவுட்டர்ல இருந்தா புதுக் கம்பெனியிலயும் அதே கதை. நிறைய பேர் வருஷத்துக்கு ஒரு கம்பெனின்னு மாறி, ஒவ்வொருத்தரையும் திட்டிட்டு இருக்கிறது இதனாலதான்.

140 ரூபாய்க்கு வர்றேன். பணம் சின்னது, பதிவு பெருசு. தரம் எப்படி இருக்குன்னு கம்பெனிகள் டிராய்க்குக் கணக்குக் கொடுக்கணும். நாம புகார் எண் வாங்காம ஆபரேட்டரைத் திட்டிட்டு விட்டுட்டா, அந்தக் கணக்குல நம்ம தெருவுக்குப் பழுதே இல்ல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் நம்ம ஊருக்குப் பக்கத்துல கரையேறினப்போ, ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருவெல்லாம் தண்ணி. அந்த மாதிரி நாள்ல நெட் போறதை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா கரண்ட் வந்து, தண்ணி வடிஞ்சு, வாரக்கணக்குல அதே ஜாயின்ட் ஒழுகிட்டு இருந்தா, அதை எண் போட்டுக் கேட்கிற ஆள் தெருவுக்கு ஒருத்தராவது வேணும்.

நம்ம காலேஜ் என்ன பண்ணலாம்

மூணு விஷயம் கேட்கிறேன். ஒண்ணு, நெட்வொர்க்ஸ் லேப்ல சிமுலேட்டர்ல ரெண்டு ரவுட்டரை இணைச்சு ரெக்கார்ட் நோட்ல ஒட்டுறதோட, ஒரு எக்ஸ்பெரிமென்ட் "உன் வீட்டு லைனை ஏழு நாள் அள"ன்னு வைங்க. மார்க்கும் போடுங்க. அறுபது பேர் வகுப்புன்னா வில்லியனூரிலிருந்து காலாப்பட்டு வரைக்கும் அறுபது இடத்தோட அளவு கைக்கு வரும். எந்த ஏரியாவுல எந்த நேரத்துல விழுதுன்னு ஒரு வரைபடமே போடலாம், இந்த மேகசின்லயே வெளியிடலாம். பேரும் வீட்டு முகவரியும் இல்லாம ஏரியா மட்டும் போட்டா போதும்.

ரெண்டு, வீட்டிலிருந்து எழுதுற ப்ளேஸ்மென்ட் டெஸ்ட் அன்னைக்கு, கேட்கிறவங்களுக்கு லேபைத் திறந்து விடுங்க. ஞாயித்துக்கிழமைன்னாலும் ஒரு லேப், ஒரு ஸ்டாஃப் போதும். ஹாஸ்டல் பசங்களுக்கும் நல்லது.

மூணு, வர்ற கம்பெனிகள்கிட்ட ப்ளேஸ்மென்ட் செல் ஒரே ஒரு நிபந்தனை வைக்கட்டும்: லைன் போனா, விட்ட இடத்திலிருந்து திரும்ப உள்ளே வர ஒரு வாய்ப்பு. காப்பி அடிக்கிறதைத் தடுக்கணும்ங்கிற அவங்க கவலை நியாயம். ஆனா நல்ல லைன் இருக்கிற ஏரியாவுல வீடு இருக்கிறது ஒரு தகுதி ஆகக் கூடாது. பாகூர்ல இருக்கிறவளுக்கும் பீச் ரோடு பக்கம் இருக்கிறவனுக்கும் பேப்பர் ஒண்ணுதான்னு சொல்லிட்டு, லைன் வேற வேறயா இருந்தா அது ஒரே டெஸ்ட் இல்ல.

இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டதும் ஒரு வேலை பண்ணுங்க. லேப்டாப்பை கேபிள்ல மாட்டி மூணு பிங்கையும் ஓட்டி, தேதி, நேரத்தோட ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. மோடத்தோட டிபிஎம்மையும் ஒரு போட்டோ எடுங்க. லைன் நல்லா இருக்கும்போது எடுத்த அளவுதான், நாளைக்குக் கெட்டுப்போகும்போது ஒப்பிட்டுக் காட்ட உதவும். அப்படியே எதிர் வீட்டுப் பாட்டி பேரனோட வீடியோ கால் பேசும்போது படம் நிக்குதுன்னு சொன்னாங்களே, அவங்க ரவுட்டரையும் பீரோ மேலிருந்து இறக்கி வெச்சுட்டு வாங்க.